9,000 சுற்றுக் காருக்கு மாற்று எது?

டோபி காட் பெருவிரைவு ரயில் நிலையத்திலிருந்து பிளாசா சிங்கப்பூரா பக்கம் வெளியே வந்து, ஆர்ச்சர்ட் சாலைப் போக்குவரத்து விளக்கருகே ஐந்து நிமிடம் நின்று பாருங்கள். விளக்கு பச்சைக்கு மாறியதும் சத்தமே இல்லாமல் சில கார்கள் முன்னால் நழுவிப் போகும். அவை மின்சார கார்கள். அவற்றுக்கு நடுவே, என்றாவது ஒரு நாள், தாழ்வான இரண்டு இருக்கைக் கார் ஒன்று வயலின் நரம்பை இறுக்கியதுபோல ஒலி எழுப்பிக்கொண்டு போகும். நடைபாதையில் நிற்பவர்களில் நாலு பேராவது திரும்பிப் பார்ப்பார்கள்.

இந்த ஊர்ப் பெயர் எப்படி வந்தது என்று உங்களுக்குத் தெரியும். இங்கே ஓடிய ஓடையில் இந்தியாவிலிருந்து வந்த சலவைத் தொழிலாளர்கள் துணி துவைத்தார்கள். ஆனால், அவர்களுக்குப் பின் 20ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் ஆர்ச்சர்ட் சாலையின் இந்த முனை கார் விற்பனைக் கூடங்களுக்குப் பேர்போன இடமாக இருந்தது என்பது பலருக்குத் தெரியாது. 1920களில் கட்டப்பட்ட மலாயன் மோட்டார்ஸ் கட்டடம் இன்றும் அங்கே நிற்கிறது, கார்தான் விற்பதில்லை. எந்தக் காரை வாங்குவது என்று கண்ணாடிக்கு வெளியே நின்று மண்டையை உடைத்துக்கொண்டவர்கள் அந்தக் காலத்திலும் இருந்திருப்பார்கள். அந்தக் கேள்வியைத்தான் இந்த வாரம் இயற்பியல் பாடமாக எடுத்துக்கொள்ளப் போகிறோம்.

உங்கள் மாமாவிடம் ஹோண்டா எஸ்2000 கார் ஒன்று இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஹோண்டா நிறுவனத்தின் 50ஆம் ஆண்டையொட்டி உருவாகி, 1999இல் விற்பனைக்கு வந்த கார் அது. 2009இல் உற்பத்தி நின்றது. உலகம் முழுவதற்குமாகச் செய்யப்பட்டவை ஏறத்தாழ 1,10,000 கார்கள் மட்டுமே. மாமா 2009இல் பதிவு செய்தார். சிஓஇ என்று நாம் சொல்லும் வாகன உரிமைச் சான்றிதழ் 10 ஆண்டுக்குத்தான். 2019இல் அது முடிந்தபோது பணம் கட்டி இன்னும் 10 ஆண்டு நீட்டித்தார். அதுவும் 2029இல் முடியும். ஐந்தாண்டுக்கு மட்டும் நீட்டித்திருந்தால் 2024லேயே கதை முடிந்திருக்கும், ஏனென்றால் ஐந்தாண்டு நீட்டிப்பை மறுபடி நீட்டிக்க முடியாது. 10 வயது தாண்டிய காருக்குச் சாலை வரியும் கூடிக்கொண்டே போகும். கூடுதல் வரி 10 விழுக்காட்டில் தொடங்கி 50 விழுக்காடு வரை ஏறும். இன்னொரு காருக்கு மாறினாலும் செலவு குறைவில்லை. 2023 அக்டோபரில் பெரிய கார்களுக்கான பிரிவில் சிஓஇ மட்டுமே 150,000 வெள்ளியைத் தொட்டது. தவறான காரைத் தேர்ந்தெடுத்துவிட்டு "சரி, அடுத்த வருடம் மாற்றிக்கொள்ளலாம்" என்று சொல்ல முடியாத ஊர் இது.

மாமா என்ன செய்வார்? புதுக் கார்களின் விளம்பரத் தாள்களைப் பரப்பி வைத்துக்கொண்டு குதிரைத்திறனை ஒப்பிடுவார். எல்லோரும் செய்வது அதுதான். அந்த ஓர் எண் எவ்வளவு சொல்கிறது, எவ்வளவு மறைக்கிறது என்று பார்ப்போம்.

திறன் என்பது ஒரு நொடியில் செய்யப்படும் வேலை. எஸ்2000 காரின் ஐரோப்பிய வகையின் உச்சத் திறன் 177 கிலோவாட், நிறை ஏறத்தாழ 1,260 கிலோகிராம். வகுத்தால் ஒரு கிலோகிராமுக்கு 140 வாட். இப்போது நான்கு மாற்றுக் கார்களை எடுத்துக்கொள்வோம். டொயோட்டா ஜிஆர்86: 172 கிலோவாட், 1,275 கிலோகிராம், ஆக 135 வாட். மஸ்டா எம்எக்ஸ்-5, இரண்டு லிட்டர் வகை: 135 கிலோவாட், சுமார் 1,050 கிலோகிராம், ஆக 129 வாட். ஹோண்டாவின் சிவிக் டைப் ஆர்: 242 கிலோவாட், சுமார் 1,430 கிலோகிராம், ஆக 169 வாட். மேற்கூரை மடியும் மின்சாரக் காரான எம்ஜி சைபர்ஸ்டரின் நான்கு சக்கர வகை: 375 கிலோவாட், 1,985 கிலோகிராம், ஆக 189 வாட்.

கணக்கு முடிந்தது, சைபர்ஸ்டரை வாங்கிவிடலாம் என்று தோன்றுகிறதல்லவா? கொஞ்சம் பொறுங்கள்.

நின்ற நிலையிலிருந்து மணிக்கு 100 கிலோமீட்டர், அதாவது நொடிக்கு 27.8 மீட்டர் வேகத்தை எட்டக் காருக்கு எவ்வளவு இயக்க ஆற்றல் வேண்டும்? நிறையில் பாதியை வேகத்தின் வர்க்கத்தால் பெருக்குங்கள். எஸ்2000க்குக் கிட்டத்தட்ட 486 கிலோஜூல் வரும். 177 கிலோவாட் திறன் தொடக்கம் முதல் முழுதாகக் கிடைத்தால் அந்த ஆற்றலைக் கொடுக்க 2.7 நொடி போதும். ஆனால், ஹோண்டா சொன்ன நேரம் 6.2 நொடி. பாதிக்கு மேல் எங்கே போயிற்று? சைபர்ஸ்டருக்கு இதே கணக்கைப் போட்டால் 766 கிலோஜூல், 2 நொடி. நிறுவனம் சொல்லும் நேரம் 3.2 நொடி. அங்கே இழப்பு மிகக் குறைவு.

காற்றின் எதிர்ப்பு, டயரின் வழுக்கல், கியர் மாற்றும் நேரம் எல்லாம் இதில் கொஞ்சம் கொஞ்சம் எடுத்துக்கொள்கின்றன. பெரிய காரணம் வேறு. 177 கிலோவாட் என்ற எண் எஸ்2000இன் இயந்திரம் நிமிடத்துக்கு 8,300 முறை சுற்றும்போது மட்டும் கிடைப்பது. அதற்குக் கீழே திறன் குறைவு. 3,000 சுற்றில் மிகவும் குறைவு. மின்சார மோட்டாருக்கு இந்தத் தொல்லை இல்லை. முதல் சுற்றிலிருந்தே அதன் முறுக்குவிசை முழுதாக இருக்கும். பச்சை விளக்கில் சத்தமில்லாத கார்கள் முந்திப் போவது இதனால்தான்.

முறுக்குவிசை என்பதைக் கார் பிரியர்கள் டார்க் என்பார்கள். கதவைக் கைப்பிடிப் பக்கம் தள்ளினால் சுலபமாகத் திறக்கும், கீலுக்கு அருகே தள்ளினால் திணறும். விசையோடு தொலைவையும் சேர்த்துப் பெருக்கினால் கிடைப்பது அது. திறன் என்பது முறுக்குவிசையையும் சுழலும் வேகத்தையும் பெருக்கினால் வருவது. இந்த ஒரு பெருக்கலில்தான் எஸ்2000இன் ரகசியம் முழுவதும் இருக்கிறது. அதன் உச்ச முறுக்குவிசை 208 நியூட்டன் மீட்டர்தான். எம்எக்ஸ்-5க்கு 205. ஏறத்தாழ சமம்! ஆனாலும், எஸ்2000இன் திறன் 42 கிலோவாட் அதிகம். எப்படி? வேறு ஒன்றுமில்லை, அது இன்னும் வேகமாகச் சுற்றுகிறது. 9,000 வரை.

9,000 சுற்று என்று வாயால் சொல்லிவிடுகிறோம். அது என்னவென்று ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். இந்த இயந்திரத்தில் பிஸ்டன் மேலிருந்து கீழே போகும் தூரம் 84 மில்லிமீட்டர், உங்கள் உள்ளங்கை அகலம். ஒரு சுற்றுக்கு ஒருமுறை கீழே, ஒருமுறை மேலே: 168 மில்லிமீட்டர். நிமிடத்துக்கு 9,000 என்றால் நொடிக்கு 150 சுற்று. பெருக்கினால் நொடிக்கு 25.2 மீட்டர். அதை மணிக்கணக்குக்கு மாற்றினால் 90.7 கிலோமீட்டர். நம் விரைவுச்சாலைகளில் அனுமதிக்கப்படும் உச்ச வேகம் 90! உள்ளங்கை அகல இடத்துக்குள், விரைவுச்சாலைக் காரின் வேகத்தில் ஓர் உலோகத் துண்டு ஓடுகிறது. ஓடுவது மட்டுமல்ல, நொடிக்கு 300 முறை முற்றிலும் நின்று, திசை திரும்பி, மறுபடி ஓடுகிறது. என் வகுப்பில் இந்தக் கணக்கைப் பலகையில் போட்டால், காரைப் பற்றிக் கவலையே படாத பின்வரிசைப் பிள்ளைகளும் நிமிர்ந்து உட்கார்வார்கள்.

அவ்வளவு குறுகிய நேரத்தில் இயந்திரம் எப்படி மூச்சு விடும்? 9,000 சுற்றில் பிஸ்டன் ஒருமுறை கீழே இறங்கும் நேரம் ஒரு நொடியில் 300இல் ஒரு பங்கு. அதற்குள் உருளைக்குள் காற்று நிரம்ப வேண்டும். வால்வு நிறையத் திறந்து, நெடுநேரம் திறந்தே இருந்தால்தான் அது முடியும். ஆனால், அப்படித் திறக்கும் வால்வை வைத்துக்கொண்டு டோபி காட் நெரிசலில் மெல்ல ஊர்ந்தால் இயந்திரம் முக்கி முனகும். ஹோண்டா இதற்கு விடெக் என்ற ஏற்பாட்டைச் செய்தது. வால்வைத் தள்ளும் கேம் தண்டில் இரண்டு வகைப் புடைப்புகள்: மெதுவான ஓட்டத்துக்குச் சிறியது, வேகத்துக்குப் பெரியது. சுமார் 6,000 சுற்றை எட்டும்போது எண்ணெய் அழுத்தம் ஒரு சிறு ஊசியைத் தள்ளும். அது வால்வைப் பெரிய புடைப்போடு பூட்டிவிடும். அந்தக் கணத்தில் ஒலி மாறும், இழுவை கூடும். ஒரே காருக்குள் இரண்டு கார் என்று ஓட்டியவர்கள் சொல்வது இதைத்தான்.

இன்றைய கார்கள் வேறு வழியில் போகின்றன. சிவிக் டைப் ஆர் இயந்திரமும் இரண்டு லிட்டர்தான். ஆனால், முறுக்குவிசை 420 நியூட்டன் மீட்டர், இரண்டு மடங்கு. டர்போ என்ற காற்றழுத்தி, வெளியேறும் புகையின் ஆற்றலாலேயே சுழன்று உள்ளே காற்றைத் திணிக்கிறது. வேகமாகச் சுற்ற வேண்டிய தேவையே இல்லை. அறிவுள்ள தீர்வு என்பதில் சந்தேகமில்லை. மாமாவின் காதுக்கு மட்டும் அது போதாது.

வளைவில் நடப்பது

இந்த ஊரில் 100 கிலோமீட்டர் வேகத்தைச் சாலையில் சட்டப்படி எட்டவே முடியாது என்பதைக் கவனித்திருப்பீர்கள். அப்படியானால் இங்கே விளையாட்டுக் காரின் சுகம் எங்கே இருக்கிறது? வளைவில். கென்ட் ரிட்ஜ் பக்கமுள்ள சவுத் புவனா விஸ்தா சாலையைக் கார் பிரியர்கள் "99 வளைவுகள்" என்று கூப்பிடுவார்கள். எண்ணிக்கையை நம்ப வேண்டாம், வளைவுகள் உண்மை.

30 மீட்டர் ஆரமுள்ள ஒரு வளைவில் மணிக்கு 36 கிலோமீட்டர், அதாவது நொடிக்கு 10 மீட்டர் வேகத்தில் திரும்புகிறோம். காரை வட்டப்பாதையில் வைத்திருக்கும் மையநோக்கு விசையை டயருக்கும் சாலைக்கும் இடையேயான உராய்வுதான் தர வேண்டும். நிறையை வேகத்தின் வர்க்கத்தால் பெருக்கி, ஆரத்தால் வகுத்தால் எம்எக்ஸ்-5க்கு 3,500 நியூட்டன், எஸ்2000க்கு 4,200 நியூட்டன், சைபர்ஸ்டருக்கு 6,600க்கும் மேல். கெட்டிக்கார மாணவர் ஒருவர் உடனே கேட்பார்: "கனமான கார் சாலையை அதிகமாக அழுத்துமே, அப்போது உராய்வும் அதே விகிதத்தில் கூடுமே, நிறை அடிபட்டுப் போகாதா?" பாடப்புத்தகப்படி சரி. ஆனால், ரப்பர் பாடப்புத்தகத்தை முழுதாகக் கேட்பதில்லை. டயரின் மேல் சுமை இரண்டு மடங்கானால் பிடிமானம் இரண்டு மடங்குக்குச் சற்றுக் குறைவாகவே கூடும். கனத்துக்கு ஈடுகொடுக்க அகலமான டயர் வேண்டும், பெரிய பிரேக் வேண்டும். அவையும் கனம் கூட்டும்.

சிவிக்கில் இன்னொரு சிக்கல். அதன் முன் டயர்களே காரை இழுக்கவும் வேண்டும், திருப்பவும் வேண்டும். ஒரு டயர் தரக்கூடிய மொத்த விசைக்கு எல்லை உண்டு. இழுக்கச் செலவழித்தது போக மிச்சம்தான் திரும்புவதற்கு. எஸ்2000, ஜிஆர்86, எம்எக்ஸ்-5 மூன்றிலும் பின் டயர்கள் தள்ளும், முன் டயர்கள் திருப்பும். வேலைப் பங்கீடு.

அடுத்தது நிலைமத் திருப்புத்திறன். பெயர் மிரட்டும், விஷயம் எளிது, வீட்டிலேயே செய்யலாம். ஒரு மீட்டர் அளவுகோலின் இரு முனைகளிலும் அரை லிட்டர் தண்ணீர்ப் புட்டி ஒவ்வொன்றைக் கட்டுங்கள். நடுவில் பிடித்துக்கொண்டு, கதவுப் பிடியைத் திருப்புவதுபோல இடமும் வலமும் வேகமாகத் திருப்புங்கள். பிறகு அதே புட்டிகளை நடுவுக்கு, உங்கள் கையின் இரு பக்கத்துக்கும் நகர்த்திக் கட்டித் திருப்புங்கள். எடை மாறவில்லை. ஆனால், மணிக்கட்டு வித்தியாசத்தை உடனே சொல்லிவிடும். (தம்பி தங்கையைத் தள்ளி நிற்கச் சொல்லுங்கள், புட்டி கழன்றால் பறக்கும்.)

எஸ்2000 இயந்திரம் முன் சக்கர அச்சுக்குப் பின்னால், காரின் நடுவை நோக்கித் தள்ளி வைக்கப்பட்டிருந்தது. முன்னும் பின்னும் எடை ஏறத்தாழப் பாதிப் பாதி. நடுவில் கட்டிய புட்டிகள். திருப்பு என்றதும் திரும்பிவிடும். எம்எக்ஸ்-5 கட்டமைப்பும் அப்படியே. ஜிஆர்86இல் வேறு உத்தி: உருளைகள் நிமிர்ந்து நிற்காமல் எதிரெதிராகப் படுத்திருக்கும், அதனால் ஈர்ப்பு மையம் தாழும், வளைவில் கார் சாய்வது குறையும். மின்சாரக் காரையும் குறை சொல்ல முடியாது. தரைக்கு அடியில் மின்கலம் இருப்பதால் ஈர்ப்பு மையம் மிகத் தாழ்வு. ஆனால், 1,985 கிலோகிராம் எங்கே படுத்திருந்தாலும் 1,985 கிலோகிராம்தான். மணிக்கு 90 கிலோமீட்டரிலிருந்து நிற்பதற்கு எம்எக்ஸ்-5 இழக்க வேண்டியது 328 கிலோஜூல், சைபர்ஸ்டர் இழக்க வேண்டியது 620. அதில் ஒரு பகுதியை மின்சாரமாகத் திரும்பப் பெற்று மின்கலத்தில் சேர்க்கும் வித்தை சைபர்ஸ்டருக்குத் தெரியும், பெட்ரோல் கார் எல்லாவற்றையும் சூடாக்கி வீணடிக்கும் என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும்.

மாமாவுக்கு என்ன சொல்வது?

முதலில் அவரிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: "அந்தக் காரில் உங்களுக்கு எது பிடிக்கும், மாமா?" பச்சை விளக்கில் பாய்வது என்றால், தயக்கமே வேண்டாம், மின்சாரக் கார். எஸ்2000 அந்த விஷயத்தில் இன்று பல குடும்பக் கார்களிடமே தோற்கும். எண்களில் நெருக்கமானது வேண்டும் என்றால் ஜிஆர்86. திறனும் நிறையும் கிட்டத்தட்ட ஒன்று, கையால் கியர் மாற்றும் வசதியும் உண்டு. 3,700 சுற்றிலேயே 250 நியூட்டன் மீட்டர் கிடைப்பதால் நகருக்குள் ஓட்ட இன்னும் சுலபம். அந்தச் சுற்றில் ஜிஆர்86 தரும் திறன் 97 கிலோவாட். எஸ்2000 தன் உச்ச முறுக்குவிசையை அங்கேயே காட்டினாலும்கூட, காட்டாது, 81 கிலோவாட்தான். ஆனால், ஜிஆர்86க்குக் கூரை திறக்காது. பின்னால் இரண்டு சின்ன இருக்கைகள் வேறு. அவற்றில் உட்காரப் போவது நீங்கள்தான், முழங்காலை முகவாய் வரை மடக்கிக்கொண்டு.

என்னைக் கேட்டால் எம்எக்ஸ்-5. மேலே போட்ட கணக்குகளில் முதலாவதில் அதுதான் கடைசி. ஒரு கிலோகிராமுக்கு 129 வாட். ஆனால், எஸ்2000 பிடித்துப்போனதற்கான காரணங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பாருங்கள்: குறைந்த நிறை, நடுவை நோக்கிய இயந்திரம், பின் சக்கர உந்துதல், திறந்த கூரை, கையால் மாற்றும் கியர். நிறையில் எஸ்2000ஐவிட 200 கிலோகிராம் குறைவு, மற்றவை அப்படியே இருக்கின்றன. இல்லாதது அந்தக் கடைசி 1,500 சுற்று மட்டும். எம்எக்ஸ்-5இன் ஊசி 7,500இல் நின்றுவிடும். 9,000 வரை பாடும் இரண்டு லிட்டர் இயந்திரத்தை இந்த நான்கில் எதுவும் தராது. இதை மாமாவிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது. வாங்கிய பிறகு தெரிந்துகொள்வதைவிட, 2029 வரைக்கும் இருக்கும் காரை ஆசை தீர ஓட்ட அது உதவும்.

இரண்டு லிட்டர் என்ற அளவை மட்டும் பார்த்து ஏமாறக் கூடாது என்பதை அரசாங்கமும் கவனித்திருக்கிறது. சிஓஇ ஏ பிரிவுக்கு முன்பு இயந்திரக் கொள்ளளவு 1,600 சிசி என்ற எல்லை மட்டும் இருந்தது. 2014 பிப்ரவரியிலிருந்து 97 கிலோவாட் என்ற திறன் எல்லையும் சேர்ந்தது. அடுத்தமுறை கார் விளம்பரத் தாள் கையில் கிடைத்தால் கிலோவாட், கிலோகிராம் இரண்டையும் தேடிப் பிடியுங்கள். நிறையைப் பெரும்பாலும் கடைசிப் பக்கத்தில், சின்ன எழுத்தில் போட்டிருப்பார்கள்.

இந்த வாரக் கணக்கு: மேலே சொன்ன நிறைகள் எல்லாம் ஆள் ஏறாத காருக்கானவை. மாமா 70 கிலோகிராம், பக்கத்தில் உட்காரும் நீங்கள் 50 கிலோகிராம். முதலில் மாமா மட்டும், பிறகு இருவரும் ஏறினால், எம்எக்ஸ்-5, எஸ்2000, சைபர்ஸ்டர் மூன்றுக்கும் ஒரு கிலோகிராமுக்கு எத்தனை வாட் என்று போட்டுப் பாருங்கள். எந்தக் காரில் விழுக்காடு அதிகம் குறைகிறது என்று தெரிந்ததும், ஞாயிற்றுக்கிழமை காலையில் மாமா ஏன் உங்களை எழுப்பாமலேயே கிளம்பிப் போகிறார் என்பதும் விளங்கிவிடும்.